பிள்ளைக்காசு

பல்தசாரா என் தம்பி லிசார்தோவின் பெண்சாதி. அவள் தாய்வழியில் எல்லாரும் மேட்டுக்காட்டில் செம்மறி மேய்த்தவர்கள். நீண்ட கழுத்து, தூக்கிய கன்ன எலும்பு. யாராவது கூப்பிட்டால் உடம்பைத் திருப்பமாட்டார்கள், தலையை மட்டும் தோளுக்கு மேலாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அவளுடைய பெரியம்மா அப்படித்தான் பார்ப்பாள். தங்கைகளும் அப்படித்தான். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் வேறு எப்படித் திரும்புவார்கள்?

எங்கள் மலையூர் குவாமோத்தேயில் வியாழக்கிழமை சந்தை. தண்டவாளம் சந்தைக்கு நடுவில்தான் போகிறது. ரயில் ஊதினால் கூடைகளை இழுத்துக்கொள்வோம், போனதும் மறுபடி பரப்பிவிடுவோம். தண்டவாளத்தை ஒட்டி பல்தசாராவின் அடுப்பு இருக்கும். அவித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பன்றித்தோல் போட்ட நிலக்கடலைக் குழம்பு. அவளுக்குப் பக்கத்தில் என் வெங்காயக் கட்டுகள். அந்த ஆவிக்குள்ளேதான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது.

அவளுடைய தலைச்சன் பிள்ளை நிக்கனோர். நான்தான் அவனுக்கு ஞானத்தாய். அவன் தவழக்கூட ஆரம்பிக்காத காலம், ஒரு வியாழக்கிழமை ரயில் வந்து நின்றது. அந்த நாளில் வெள்ளைக்காரர்கள் ரயில் கூரைமேல் உட்கார்ந்துதான் மலை பார்க்கப் போவார்கள். கூரையிலிருந்து ஒரு தாடிக்காரன் குதித்து இறங்கினான். பல்தசாரா முதுகில் பிள்ளையோடு அந்தப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். இவள் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். அவன் கேமராவைக் கண்ணில் வைத்து ஒரு தட்டு தட்டினான், பல்லைக் காட்டிச் சிரித்தான், ஏறிப் போய்விட்டான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த ஆகஸ்ட் காற்றில் நிக்கனோருக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவனை வெள்ளைத் துணியில் சுற்றி, தோளில் காகித இறக்கை ஒட்டிவைத்து, வயலின்காரரைக் கூட்டிவந்து அனுப்பிவைத்தோம். குழந்தை போனால் தாய் அழக்கூடாது, கண்ணீர் பட்டு இறக்கை நனைந்தால் அதனால் பறக்க முடியாது என்பார்கள். பல்தசாரா அழவில்லை. அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்குக் கிழங்கு அவித்துப் போட்டாள்.

பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டும் அப்படியே லிசார்தோ. நிக்கனோரின் முகத்தை அவர்களிடம் தேடிப்பார்க்கவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு இங்கே ரொட்டியில் பிள்ளை செய்வார்கள். துணியில் சுற்றிய குழந்தை மாதிரி இருக்கும், சர்க்கரைச் சாயத்தில் முகம் எழுதுவார்கள். அதைக் கல்லறைக்கு எடுத்துப்போய் நம்முடையவர்களோடு உட்கார்ந்து தின்போம். ஒரு வருஷம் ரொட்டிக்கார இலாரியோ கேட்டார்: "முகம் எப்படி எழுதட்டும் பல்தசாரா?"

"உங்க இஷ்டம்."

திரும்பி வரும்போது பாதி மேட்டில் நின்றாள். "மதினி, அவன் மூக்கு எப்படி இருந்துச்சு?"

"நம்ம லிசார்தோ மூக்குதான்."

"இல்ல." கொஞ்ச தூரம் நடந்தாள். "எப்பவும் முதுகுல இருந்தான். கனம் நெனப்பிருக்கு. சூடு நெனப்பிருக்கு. முகம் மட்டும் நழுவிக்கிட்டே போகுது."

அவளுடைய பயம் அது ஒன்றுதான். வேறு எதற்கும் அவள் பயந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் எங்கள் பணம் செத்தது. பிறந்ததிலிருந்து கையில் பிடித்த சூக்ரே ஒரே வருஷத்தில் போய், வடக்கத்திக்காரர்களின் டாலர் வந்தது. எல்லாம் பச்சை நோட்டு. ஒரே கிழவரே தலைமயிரை மாற்றி மாற்றி வந்து உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும். நோட்டுகள் கிழிந்தும் ஒட்டுப்போட்டும் வந்தன. அந்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, ரியோபாம்பா பஸ்ஸின் கண்டக்டர் கிளெபர் வந்தான்.

"காசெரா, ஒரு தட்டு. தோலு ரெண்டு துண்டு சேத்துப் போடு."

சந்தையில் விற்கிறவளும் காசெராதான், வாங்குகிறவளும் காசெராதான்.

"மொதல்ல காசைக் காட்டு. போன வாரம் நீ குடுத்த நோட்டு என் கையிலயே ரெண்டாப் போச்சு."

அவன் பலகைமேல் மஞ்சளாக ஒன்றை வைத்தான்.

"என்னடா இது? எந்தக் கோட்டுலேர்ந்து அறுத்த பொத்தான்?"

"டாலர், காசெரா. புதுசு. பேங்க்ல மூட்டை மூட்டையா எறக்குறாங்க."

"நானும் உன்ன நல்ல பையன்னு நெனச்சேன். போய் ரயில்காரன ஏமாத்து."

"ஐயோ, எடுத்துப் பாரேன். ஒரு பொம்பள, முதுகுல புள்ள. நம்ம ஊர்க்காரி மாதிரியே இருக்கா. கழுத்தப் பாத்தா உன்ன மாதிரிகூட..."

பல்தசாரா காசை எடுத்தாள். பலகையில் தட்டி ஓசை பார்த்தாள். பிறகு வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். கரண்டி குழம்பில் மூழ்கியது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மதினி. இங்க வா."

நான் போனேன். காசில் ஒரு இளம்பெண் தோளுக்கு மேலாகத் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் துணிக்கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன முகம், கண் மூடி, அசந்து தூங்கும் முகம்.

"இது நிக்கனோர்," என்றாள்.

காசைத் திருப்பினாள். மறுபக்கம் ஒரு பறவை இறக்கையை விரித்து நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. "பாரு மதினி, நனையல."

அந்தத் தாடிக்காரன் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தான். கேமராவில் பிடித்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்க் காசில் போட்டுவிட்டான். வேறு எப்படி எங்கள் சந்தையின் துணிக்கட்டு அவர்கள் காசில் ஏறும்? அடுத்த வியாழக்கிழமைக்குள் சந்தை முழுக்க இதே பேச்சு.

கறிக்கடைக்காரர் கத்தினார்: "ஏ பல்தசாரா, உன் தலைக்கு இப்ப ஒரு டாலராமே!"

"உங்க தலைய அறுத்து வெச்சாலும் யாரு வாங்குவா? கொம்புகூட இல்ல."

கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்த லிசார்தோ ஊருக்கு வந்தபோது காசைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தான். "என் ஒரு தோளையாவது அதுல போட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னான். அன்று முழுக்க அவன் யாரோடும் சண்டை போடவில்லை.

பல்தசாரா அந்தக் காசு எது வந்தாலும் கொடுக்கமாட்டாள். சில்லறை கேட்டால் கிழிந்த நோட்டு, இல்லாவிட்டால் கூடுதலாக ஒரு கிழங்கு. வீட்டில் வாற்கோதுமைப் பானைக்குள் போட்டுவைத்தாள். கோதுமை குறையக் குறையப் பானை கனத்தது. சில நாள் கையை உள்ளே விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். சின்னவள் கேட்டாள்: "அம்மா, தம்பிப் பாப்பா உள்ள என்ன பண்றான்?"

"அண்ணன்டீ. தூங்குறான்."

ஒரு மத்தியானம் சந்தையில் கூட்டம் ஓய்ந்து, மூடுபனி தண்டவாளம் வழியாகவே இறங்கி வந்தது. பல்தசாரா மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்ந்தாள். விழித்ததும் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"பானைக்குள்ள எட்டிப் பாத்தேன் மதினி. எத்தனையோ நிக்கனோரு. எல்லாரும் மூச்சு விடுறாங்க. கோதுமை மேலயும் கீழயும் போகுது. ஒருத்தன் கண்ணைத் தொறக்காமலே கேக்குறான், அம்மா, இது எந்த ஊருன்னு. நான் என்ன சொல்லுவேன்? பானைன்னா?"

"கனவு."

"அவன் என் முதுகவிட்டு எறங்கவே இல்ல மதினி. மண்ணுல ஒரு அடி வெச்சதில்ல. ரயிலக்கூட தூக்கத்துலயே தாண்டிப் போயிட்டான்."

அதற்கடுத்த வியாழக்கிழமை பானையிலிருந்து ஒரு கை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மீன்லாரிக்காரர் சாப்பிட்டு நோட்டை நீட்டியபோது மீதிக்குப் பிள்ளைக்காசு கொடுத்தாள்.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"குவாயாகில், காசெரா."

"கடல் இருக்குமில்ல?"

"கடலு ஆறாகி ஊருக்குள்ளயே வரும்."

"சன்னல் பக்கம் வெச்சுக்கோங்க."

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். அவர் காசைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காடு இறங்குகிறவர்களுக்கு ஒன்று, வாழைத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிறவருக்கு ஒன்று, எல்லையில் துணி வாங்கப் போகும் பெண்களுக்கு ஒன்று. யாராவது அந்தக் காசைக் கொண்டுவந்து கொடுத்தால் முதலில் வாங்கி மூக்கில் வைப்பாள், பிறகு கேட்பாள்: "எங்கேருந்து வர்றான்?"

புதிதாய் வந்தவர்கள் விழிப்பார்கள். தெரிந்தவர்கள் பதிலை வழியிலேயே யோசித்துக்கொண்டு வருவார்கள். "மச்சாலாவுலேர்ந்து, காசெரா. வாழைப்பால் கறை பாரு." "மக்காஸ் காட்டுலேர்ந்து. ராத்திரியெல்லாம் தவளைக் கச்சேரி கேட்டிருப்பான்." கிளெபர் ஒருமுறை, "இவன் எங்கயும் போகல, என் பையில படுத்துத் தூங்கினான், சோம்பேறி," என்றான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் குழம்பு சிந்தியது. கிழங்கு உரித்துக்கொண்டே நாள் முழுக்க அவள் எங்கெங்கோ போய்வருவாள். கண்ணைப் பார்த்தாலே தெரியும், இப்போது கடலோரம், இப்போது வாழைத்தோட்டம் என்று.

இரண்டு வருஷம் ஓடியிருக்கும். என் சின்னம்மாவின் பேரன் ஆபெலார்தோ நியூயார்க்கில் ஹோட்டலில் தட்டுக் கழுவி, இடுப்பு போய்த் திரும்பி வந்திருந்தான். கெட்டவன் கிடையாது. வாய்தான் முந்தும். சந்தைக்கு வந்து, சித்தி கையால் ஒரு தட்டு வேண்டும் என்று உட்கார்ந்தான். அப்போது யாரோ காசைக் கொடுக்க, பல்தசாரா, எங்கேருந்து வர்றான் என்று கேட்டாள். ஆபெலார்தோவுக்குப் புரையேறிவிட்டது.

"சித்தி, இது நீயில்ல. அங்க எல்லாருக்கும் தெரியும். இது அந்த நாட்டுப் பூர்வகுடிப் பொண்ணு. எரநூறு வருஷத்துக்கு முந்தி இருந்தவ. வழி தேடிப்போன வெள்ளைக்காரங்களோட, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு மலையெல்லாம் தாண்டி நடந்தாளாம்."

"தின்னுட்டு எந்திரிடா," என்றேன் நான்.

"உள்ளதத்தானே அத்தை சொன்னேன்."

பல்தசாரா காசைப் பார்த்தாள். ஆபெலார்தோவைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ள பொழச்சானா?"

"என்னது?"

"அவ முதுகுல இருக்கானே. அவன். பொழச்சானா?"

ஆபெலார்தோ கரண்டியைக் கீழே வைத்தான். "தெரியல சித்தி."

"அதையும் கேட்டுட்டு வந்திருக்கணும்."

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அவள் காசை வாங்கிப் பெட்டியில் போட்டாள். மூக்கில் வைக்கவில்லை. எங்கேருந்து என்றும் கேட்கவில்லை. மச்சாலாவிலிருந்து வந்தவர்கள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போனார்கள். கிளெபர் தோல்கூடக் கேட்காமல் சாப்பிட்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், கண் எங்கும் போகவில்லை. மறுபடி முகம் இல்லாத பிள்ளைக்குத் தாயாகிவிடுவாளோ என்று பயந்தேன்.

திருநாளுக்கு முந்திய சந்தையில் ஆபெலார்தோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். அந்த ஹோட்டலில் கூட வேலை பார்த்தவனுக்குப் போன் போட்டு, அவன் முதலாளியின் மகளைக் கேட்டு, அவள் படித்துப் பார்த்துச் சொன்னாளாம்.

"பொழச்சான் சித்தி! நல்லா வளந்தான். மலை மலையாத் திரிஞ்சிருக்கான். கடல் தாண்டி வேற தேசமெல்லாம் போய் வந்தானாம்."

"கப்பல்லயா?"

"பின்ன, பறந்தா போவான்?"

"வயசாச்சா அவனுக்கு?"

"நரைக்கிற வயசு வரைக்கும் இருந்தான். கடைசியிலயும் எங்கயோ பயணம் போற வழியிலதான் செத்தான்."

"வழியிலயா," என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள். பிறகு பெரிய தட்டை எடுத்து, கிழங்கு தெரியாத அளவுக்குத் தோலைப் போட்டு அவன்முன் வைத்தாள். "உக்காரு. இடுப்புக்குக் கொழுப்பு நல்லது."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு இலாரியோவின் அடுப்படிக்குப் போனாள். பலகை நிறைய ரொட்டிப் பிள்ளைகள், எல்லாம் சர்க்கரைக் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு.

"என்னோடதுக்குக் கண்ணைத் தொறக்காதீங்க," என்றாள்.

"கண்ணில்லாம யாரும்மா வாங்குவா?"

"வாங்க நான் இருக்கேன். கண்ணு இருக்கட்டும், மூடியிருக்கட்டும். கீழ வளைஞ்ச ரெண்டு கோடு போதும். கன்னம் ஒரு பக்கம் மட்டும் அமுங்கி இருக்கணும், துணி பட்ட மாதிரி."

இலாரியோ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். நான் மெல்லக் கேட்டேன்: "மூக்கு?"

"காசுல இருக்கிற மூக்கு அந்தப் பொண்ணோட புள்ளைக்கு உள்ளது மதினி. அது அவகிட்டயே இருக்கட்டும். இப்படி கண்ணு மூடிக் கெடந்தது நம்ம பையன். திரும்பிப் பாக்கும்போதெல்லாம் இவ்வளவுதான் தெரிவான். எனக்கு மறந்தே போச்சே இது." விரலால் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. இவ்வளவுதான்."

கல்லறையில் அந்த ரொட்டியை அவள் உடைக்கவில்லை. மண்மேல் வைத்து, தன் மேல்துணியின் ஓரத்தால் கழுத்துவரை மூடினாள். சின்னவள் பசிக்கிறது என்று அழுததும் எடுத்து அவளுக்குப் பாதி, பெரியவளுக்குப் பாதி கொடுத்தாள். லிசார்தோ உதிர்ந்த ஓரத் துணுக்கைத் தின்றான்.

அடுத்த வியாழக்கிழமை விடாத தூறல். கிளெபர் தொப்பியோடு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பலகைமேல் மஞ்சள் காசை வைத்தான். வைத்துவிட்டு எழுந்திருக்காமல் இருந்தான். நான் கட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கட்டாமல் பிடித்திருந்தேன். பல்தசாரா கையை முந்தியில் துடைத்தாள். காசை எடுத்தாள். மூக்கில் வைத்தாள்.

"எங்கேருந்து வர்றான்?"

கிளெபர் தொப்பியைக் கழற்றி மழையை உதறினான்.

"குவென்காவுலேர்ந்து, காசெரா. வழியெல்லாம் மழை. இவன் மேல ஒரு சொட்டு பட விடல."