புஸ்ஸுப் பொடிக்கு வாங்கிய அடி

போன வாரம் கம்பத்தில் ஒரு பெரிய கடைக்குள் போய், தண்ணீரில் கொட்டினால் புஸ்ஸென்று பொங்குமே, அந்த ஆரஞ்சுப் பொடி இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பையன், "வாயுத் தொல்லையா தாத்தா? மெடிக்கல்ல கேளுங்க" என்கிறான். எனக்கு உச்சி வரைக்கும் பொங்கிவிட்டது. யாரைக் கேட்டு ஐயா அதை நிறுத்தினீர்கள்? அதற்காக நான் வாங்கிய அடிக்கே இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தும் அதைத் தாண்டாத மண்டை என்னுடையது. ஆனால் புஸ்ஸுப் பொடி விஷயத்தில் நான் பண்டிதன். டம்ளரில் முதலில் பொடி, அப்புறம் தண்ணீர். நுரை மூக்கில் ஏறும்போதே குடித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அது வெறும் சாயத் தண்ணீர்.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் போடி பஜாரில் அந்தப் பொடியை மொத்தமாக விற்கிறவர்கள். முன்கூட்டியே பஸ்ஸில் பன்னிரண்டு பொட்டலம் கொடுத்து விட்டிருந்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"காப்பியெல்லாம் வேணாமாம். அவுக சரக்கையே கலந்து குடுக்கச் சொல்லிருக்காக. பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. பாஸானது போதும், மேல படிக்க விட்டுறாதீக, கடையில பொட்டலம் மடிக்க ஆள் பத்தலன்னும் சொல்லி விட்டிருக்காக."

எனக்கு வயிறு எரிந்தது. நாள் முழுக்கப் பொட்டலத்துக்கு நடுவில் உட்காருகிற யோகம் இவளுக்கா! அக்கா பொட்டலங்களை வாங்கித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அவர்கள் வருவது நாலு மணிக்கு. ரெண்டு மணிக்கே அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, இந்தப் பொடியெல்லாம் குடத்துல கொட்டிக் கலக்கு."

"இப்பவே கலந்தா கேஸ் போயிரும்க்கா! அவுக வந்தப்பறம் டம்ளர்லதான் போடணும்."

"அஞ்சாப்பு பெயிலு எனக்குப் பாடம் எடுக்குதோ? கலக்குடான்னா."

கலக்கினேன். நுரை குடத்தின் கழுத்தைத் தாண்டி வழிந்து தரையெல்லாம் ஓடியது. நக்கினவரைக்கும் எனக்கு லாபம். மிச்சம் என் கண்முன்னே அடங்கி, செத்துப்போய்க் கிடந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது.

"என்னங்க இது, காய்ச்சக்காரனுக்குக் குடுக்குற கஷாயமாட்டம்?"

அப்பா பதறிப்போய், "நீங்க குடுத்து விட்டதுதாங்களே" என்றார்.

"அப்ப எங்க சரக்கு மட்டம்ங்கிறீகளா?"

அத்தோடு எழுந்தவர்தான். தெருவில் போகும்போதும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி திட்டிக்கொண்டே போனார். மாப்பிள்ளை மட்டும் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

"கலக்குனது எவன்?" என்று அப்பா கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு, "அவந்தாம்ப்பா" என்றாள்.

புளிய விளாறு முறிகிற வரைக்கும் அடி. "அக்காதான் கலக்கச் சொல்லுச்சு" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் இருக்கும்போது அஞ்சாப்பு பெயிலை எவன் நம்புவான்?

தொழுவத்தில் போய் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். பன்னிரண்டில் ஒன்றைப் பிரிக்காமலே ஒதுக்கி வைத்திருக்கிறாள்!

"ரொம்ப வலிக்குதாடா?"

"போ அங்கிட்டு. சம்பந்தத்தையும் கெடுத்து என்னையும் மாட்டிவிட்டுட்ட. இனிமே ஓசியில பொடி யாரு குடுப்பா?"

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. குடத்து நுரை அவள் மூக்கிலும் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே டீச்சர் டிரெய்னிங்குக்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். தேவதானப்பட்டியில் எத்தனையோ பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு தாண்ட வைத்தாள்.

அன்றைக்குத் தொழுவத்தில் பொட்டலத்தைக் கிழித்து அப்படியே நாக்கில் கொட்டிக்கொண்டேன். வாங்கிய அடிக்கு அக்கா தருகிற ஈடு என்றுதான் நினைத்தேன். செய்த வேலைக்குக் கூலி என்று அந்த மண்டைக்கு எப்படித் தெரியும்?