கடலில் பிடித்த கை

முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனைவியின் கைக்கும், முன்பின் தெரியாத ஓர் ஆணின் கைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதன் உலகத்தில் இருப்பானா என்று கேட்டால், இருப்பான். மலேசியாவில், குளுவாங்கில் இருக்கிறான். இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

இது நடந்தது போன வருஷம். மழைக்காலம் முடிந்து தீவு விடுதிகள் மறுபடி கதவு திறந்த சமயம். மெர்சிங் துறையிலிருந்து படகேறிப் போகிற தீவுகளில் ஒன்று. எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்காக மகள் ஏற்பாடு செய்த பயணம் அது. அவள் உலு திராமில் இருக்கிறாள். விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவள். கைக்குழந்தைக்காரி. பெற்றோருக்கு ஒரு தீவையே பரிசாகக் கொடுக்கும் பிள்ளைக்குப் பின்னால் ஏதோ ஒரு விண்ணப்பம் இருக்கும் என்பதை நான் யூகித்திருக்க வேண்டும். யூகிக்கவில்லை.

விண்ணப்பம் மெர்சிங் போகும் வழியில், காஹாங்கில் வெளியே வந்தது. தே தாரிக் குடிக்க வண்டியை நிறுத்தியிருந்தோம்.

"பாப்பா கேட்டா," என்றாள் மனைவி. மகள் அவளுக்கு இன்னும் பாப்பாதான். "பிள்ளையப் பாத்துக்க ஆள் கிடைக்கலையாம். நான் போயி அங்க இருக்கட்டுமா? நீங்க ரிட்டாயர் ஆகுற வரைக்கும் இங்கதான இருந்தாகணும்."

கேட்டுவிட்டு அவள் தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வந்தால் என் வாய் என்னிடம் அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும்.

"தாராளமா போ. நம்ம நாய்த் தட்டுலயே நானும் சாப்பிட்டுக்கிறேன். கழுவுற வேலை மிச்சம்."

என் அலுவலகத்தில் இதற்கு நல்ல சிரிப்பு கிடைத்திருக்கும். கடைக்காரப் பெண்மணிகூடச் சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "சரி," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெர்சிங் வரை இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், அவையும் பேசவில்லை. படகில் பேச்சில்லை. விடுதி அறையில், "சாவி எங்க?", "மணலோட உள்ள வராதீங்க." இந்த இரண்டையும் பேச்சில் சேர்த்தால்தான் உண்டு.

மறுநாள் காலை, ஸ்நோர்க்கலிங். மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, குப்புற மிதந்தபடி பவளப்பாறை பார்க்கிற சமாச்சாரம். எனக்குப் பார்வை மைனஸ் எட்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் மனிதர்கள் வெறும் நிறமாகிவிடுவார்கள். விடுதியில் சாமான் கொடுத்த பெண், "பவர் வச்ச மாஸ்க் இருக்கு, அங்கிள், வேணுமா?" என்று கேட்டாள். "கடலைப் பார்க்கத்தான் போறேன், படிக்கவா போறேன்?" என்று சொல்லி, சாதாரண மாஸ்க்கை வாங்கிக்கொண்டேன். அன்றைய இரண்டாவது நகைச்சுவை. என் மூக்குக்கண்ணாடியை மனைவியின் பையில் போட்டுவிட்டு, அவளோடு கூடவே படகிலிருந்து தண்ணீரில் இறங்கினேன்.

குப்புறக் கவிழ்ந்ததும் உலகம் தன் சத்தத்தை மாற்றிக்கொண்டது.

முதலில் கேட்டது என் மூச்சு. குழாய் வழியாகப் போய் வந்த அது, பக்கத்தில் யாரோ அயர்ந்து தூங்குவதைப் போலிருந்தது. அதற்கும் அடியில் சடசடவென்று ஒரு பொரிகிற ஒலி. பாறை இடுக்கில் இருக்கும் சின்ன இறால்கள் போடுகிற சத்தம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது கடுகு தாளிக்கிற சத்தம். கடலுக்கு அடியில் யாரோ நிதானமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்வை உள்ளவர்கள் அங்கே மீன்களைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது விளிம்பில்லாத நிறங்களை. மஞ்சள் ஒன்று வரும், கலையும், நீலமாகித் திரும்பிப் போகும். ஊதா மேடுகள் மெல்ல மூச்சு விட்டன. வெயில் வலைவலையாக இறங்கி மணலில் அசைந்தது. எது மீன், எது பாசி, எது என் சொந்தக் கால் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. எதற்கும் பெயர் வைப்பதற்கு முன்னால் உலகம் இப்படித்தான் இருந்திருக்கும் போலும். பெயர் இல்லாத இடத்தில் கிண்டலுக்கும் வழியில்லை. என் வாய் முதல் முறையாக வேலையில்லாமல் இருந்தது. அதில் ஒரு ரப்பர் குழாய் அடைத்திருந்தது.

இடப்பக்கம் ஓர் ஆரஞ்சு நிறம் மிதந்து வந்தது. லைஃப் ஜாக்கெட். இறங்கும்போது மனைவி என் இடப்பக்கம் இருந்தாள். வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. கையை நீட்டினேன், ஒரு கை கிடைத்தது. முதலில் சற்றுத் திமிறியது. பிறகு, சரி போகட்டும் என்பது போல, என் கைக்குள் தங்கிவிட்டது.

உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. விரல்களின் அடியில் கெட்டி கெட்டியாகத் தடிப்பு. உப்புத் தண்ணீரில் ஊறியும் இளகாத தடிப்பு. இந்தக் கை எப்போது இப்படி ஆனது? துவைத்துத் துவைத்தா, தேய்த்துத் தேய்த்தா? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? கடைசியாக இதை எப்போது பிடித்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. மாஸ்க்குக்குள் அழுவது நடைமுறைக்கு ஒத்துவராத காரியம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். துடைக்க முடியாது, மூக்கும் அடைபட்டிருக்கும்.

விரலில் ஒரு மோதிரம்கூடத் தட்டுப்பட்டது. அதை மெல்லத் தடவிக் கொடுத்தேன். என் மனைவி மோதிரம் போடுவதை விட்டு எத்தனையோ வருஷமாகிறது என்பது எனக்குக் கரைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த மிதப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. தலையைத் தூக்கினேன். குழாயைத் துப்பினேன். மாஸ்க் முழுக்க ஆவி படிந்து, எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவள் இருக்கும் பக்கம் திரும்பாமல், தொடுவானம் என்று நான் நம்பிய திசையைப் பார்த்துச் சொன்னேன்:

"போகாதே. பயமா இருக்கு. நீ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. விட்டுட்டுப் போயிடாதே."

பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் உடனே குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடி கவிழ்ந்துவிட்டேன். அந்தக் கை என் கையை ஒரு தடவை நன்றாக அழுத்தியது.

என் மண வாழ்க்கையின் மிக நல்ல நேரம் எது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், இதுதான் என்று குழாய் வழியாகவே சொல்லியிருப்பேன். கீழே ஊதா மேடுகள் பின்னால் போய், ஆழமான ஒரு நீலம் வந்தது. நிறங்கள் குறைந்தன. தண்ணீர் சில்லிட்டது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. தூரத்தில் விசில் சத்தம் கேட்டது. கடல் பறவை என்று முடிவு செய்தேன். கை என்னை ஒரு பக்கமாக இழுத்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்து, தலையைத் தூக்கி, "போகாதே" என்று மறுபடியும் சொன்னேன். இழுப்பது நின்றுவிட்டது.

பிறகு மோட்டார் சத்தம். அலை வந்து முகத்தில் அடித்தது. "அலாமாக், பாக்சிக்!" என்று படகோட்டி தலைக்கு மேலே மலாயில் கத்தினார்; 'ஐயோ, பெரியவரே' என்கிற அலறல். நீரோட்டம் எங்களைப் பாறை முனை வரைக்கும் கொண்டுவந்திருந்தது. முனைக்கு அந்தப் பக்கம் வேகப் படகுகள் ஓடுகிற வழி. அங்கே குப்புற மிதப்பவனைப் பார்த்து எந்தப் படகும் வேகம் குறைக்காது.

"என்னங்க!"

மனைவியின் குரல். அது படகின் மேலேயிருந்து வந்தது.

நான் மெல்ல இடப்பக்கம் திரும்பினேன். கைக்குச் சொந்தக்காரர் மாஸ்க்கைக் கழற்றினார். எங்கள் படகிலேயே வந்த, என்னைவிடப் பத்து வயதாவது மூத்த சீனப் பெரியவர். உருவத்தில் ஏறக்குறைய என் மனைவியின் அகலம். (இந்த வரியை வீட்டில் படித்துக் காட்டப்போவதில்லை.)

"தம்பி," என்றார் நல்ல தமிழில். "இப்ப கைய வுடலாமா?"

படகில் ஏற்றி உட்கார வைத்த பிறகு அவர் எல்லாருக்குமாகக் கதையைச் சொன்னார். அவர் அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். தமிழ்ப் பிள்ளைகளோடுதான் வளர்ந்தாராம். இப்போது ஆயர் ஈத்தாமில் பூச்சட்டி வியாபாரம்.

"சட்டி தூக்கித் தூக்கி கை இப்படி ஆச்சி லா," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எனக்குக் காட்ட வேண்டியதில்லை. எனக்கு அது மனப்பாடம்.

"விசில் ஊதுறாங்க, நான் திரும்பலாம்னு பாக்குறேன். இந்தத் தம்பி கைய வுடல. 'போகாதே, பயமா இருக்கு, நீ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சொல்லுது. பாவம் லா. எப்படி வுட்டுப் போறது? அதான் நான் போகல."

படகே சிரித்தது. படகோட்டிக்கு யாரோ மலாயில் மொழிபெயர்த்தார்கள்; அவர் சுக்கானை விட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், விவரம் தெரிந்த ஒரு மனிதர், தன் உயிரும் போகலாம் என்று தெரிந்தே, முகம் தெரியாத ஒருவன் பயப்படுகிறான் என்பதற்காக ஆழத்துக்குக் கூடவே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் விடவில்லை. "அங்க இருந்து யாரோ ஒரு பேரைக் கத்துனாங்க, கத்திக்கிட்டே இருந்தாங்க. அது உன் பேரா தம்பி?"

என் பெயர்தான். என் மனைவியின் மாஸ்க்கில் இறங்கிய உடனே தண்ணீர் புகுந்துவிட, அவள் அப்போதே படகேறிவிட்டாளாம். இரண்டு ஆரஞ்சு நிறங்கள் விலகிப் போவதைப் பார்த்து, முதலில் "என்னங்க, என்னங்க" என்றிருக்கிறாள். அவ்வளவு பெரிய கடலில் 'என்னங்க' எத்தனை தூரம் போகும்? முப்பது வருஷத்தில் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அதைக் கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. இரண்டையும் கேட்டவர் ஆயர் ஈத்தாம் பெரியவர்.

மனைவி சிரிக்கவில்லை. பையிலிருந்து என் மூக்குக்கண்ணாடியை எடுத்து, துப்பட்டா நுனியில் துடைத்து, அவளே என் முகத்தில் மாட்டிவிட்டாள். முதலில் தெளிந்தது அவள் முகம். கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீர் என்றாள்.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தோம். கடல் வெளுத்துக்கொண்டே போய், வானத்தோடு ஒன்றாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டும் விளிம்பு தெரியாத நேரம்.

"காலையில அந்த அங்கிள்கிட்ட சொன்னீங்களே," என்றாள். "அது யாருக்கு?"

நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்தது. மிக நல்ல பதில். இப்போது நினைத்தாலும் வீணாகிவிட்டதே என்றிருக்கிறது. விழுங்கிவிட்டேன்.

"உனக்குத்தான்."

"அதைக் காஹாங்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"அங்க உன் முகம் தெரிஞ்சிச்சு."

அவள் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் போகத்தான் போறேன். பிள்ளை சின்னது, அவ தனியா என்ன செய்வா? போகட்டுமான்னு கேட்டா, அனுமதியா கேட்டேன்? போனா உங்களுக்கு எப்படி இருக்கும்னு கேட்டேன். நாய்த் தட்டுங்கிறீங்க."

"நல்லாவே இருக்காது."

"ம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து விடுங்க."

நான் கையை நீட்டினேன். இந்த முறை பார்த்துத்தான் நீட்டினேன். அவள் கை, பூச்சட்டி வியாபாரியின் கையைவிடக் காய்த்திருந்தது.

இப்போது அவள் உலு திராமில். வெள்ளியன்று போய் அழைத்து வருகிறேன். ஞாயிறன்று கொண்டுபோய் விடுகிறேன். நடுவில் வீடு அந்த ஆழமான நீலத்தைப் போல இருக்கிறது. சில்லென்று, நிறம் குறைந்து. நாய்க்கும் எனக்கும் தனித்தனித் தட்டுதான். எதையும் சொல்லவேண்டிய முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முகம் தெரியாத ஒருவனின் 'போகாதே'க்கே ஒருவர் கடலில் கூட நின்றார் என்றால், தெரிந்த முகத்திடம் அதைச் சொல்ல என்ன தயக்கம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிறு மகள் வீட்டு கேட் முன்னால் வண்டியை நிறுத்தியதும், அக்கம்பக்கம் பார்க்காமல் மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறு கையால் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்:

"கண்ணாடி போட்டிருக்கீங்கதானே?"