கிறிஸ்டின் அக்காவின் நாற்பத்தொன்று

"என் லைன்ல ஒரு ஆள வெளிய அனுப்பிப் பாருங்க! அடுத்த நிமிஷம் என் பேட்ஜையும் கழட்டி மேஜை மேல வச்சிட்டுப் போயிருவேன்!"

கெலாங் பாத்தாவில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையொன்றின் வருடாந்திர விருந்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்டின் அக்கா முழங்கிய வாசகம் இது. பெண்கள் விசிலடித்தார்கள். மேலாளர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

லைன் லீடர் என்பதைச் சின்னப் பதவியாக நினைத்துவிடக் கூடாது. இயந்திர இரைச்சலில் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பயனில்லை. ஆகவே கிறிஸ்டின் மூக்குக்கண்ணாடியால் ஆட்சி செய்தார். கண்ணாடியை விரலால் மேலே தள்ளினார் என்றால் 'சரி, தள்ளு' என்று பொருள். பெட்டி நகரும்.

இந்த ராஜபாஷையை எல்லாரையும்விடச் சீக்கிரம் கற்றவள் மலர். குளுவாங்கில் மாமியாரின் அடிக்குத் தப்பி, ஒரே ஒரு பையோடு ஓடிவந்தவள். இந்த வேலை போனால் அவளுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வேலை வாங்கிக் கொடுத்தவர் கிறிஸ்டின். அதை அவளுக்கு அடிக்கடி நினைவூட்டும் பெருந்தன்மையும் அவருக்கு இருந்தது.

இந்த ஆண்டு ஆர்டர் குறைந்தது. லைனுக்கு ஓர் ஆள் அதிகம் என்றது மேலிடம். யாரை அனுப்புவது என்கிற பாவத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாத மனிதவள அதிகாரி டாரில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சீட்டுக்கட்டோடு கேண்டீனுக்கு வந்தார்.

"பயப்படாதீங்க, இது போட்டி இல்ல. டீம் ஸ்பிரிட் லா. ஒண்ணுலேருந்து நூறு வரைக்கும் நம்பர். ஆளுக்கு நாலு கார்டு. நாலு பேரும் சேர்ந்து சின்ன நம்பர்லேருந்து வரிசையா மேஜையில வைக்கணும். பேசக்கூடாது, சைகை கூடாது. மனசால ஃபீல் பண்ணணும்."

"ஃபீல் வரலன்னா?" என்றாள் அதே லைனில் வேலை பார்க்கும் செல்வராணி.

"முழுசா முடிச்சா லைன் அப்படியே இருக்கும். வரிசை உடைஞ்சா, முந்திக்கிட்டுப் போட்டவங்க வீட்டுக்கு. சைகை காட்டுனா, காட்டுனவங்க வீட்டுக்கு. ஃபேர்தானே?"

"அலமாக்! ஜெயிச்சா சேர்ந்து, செத்தா தனியாவா?"

இந்தக் கேள்விக்கு டாரிலின் பயிற்சிக் கையேட்டில் பதில் இல்லாததால், அவர் சிரித்துவிட்டுக் கார்டைப் பங்கிட்டார்.

ஆட்டம் அழகாகவே போனது. லைனின் நாலாவது ஆளான ராஜம்மா நான்கை வைத்தார். செல்வராணி பதினொன்றை வைத்தாள். மலர் இருபத்திரண்டு. மறுபடி ராஜம்மா, முப்பத்தெட்டு. பக்கத்து மேஜைக்காரர்கள் மீ கோரேங் நூடுல்ஸை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அதன்பின் யாரும் அசையவில்லை.

கிறிஸ்டின் கையில் நாற்பத்தொன்று இருந்தது. போட்டுவிடலாம். ஆனால் முப்பத்தொன்பதோ நாற்பதோ வேறு யாரிடமாவது இருந்துவிட்டால்? தலைமைக்குரிய நிதானத்தோடு அவர் காத்திருந்தார். தலைமைக்குரிய வியர்வையும் வந்தது. கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டு இறங்க, அதை விரலால் மேலே தள்ளினார்.

மலர் உடனே கார்டை வைத்தாள். நாற்பத்தாறு.

"இதுக்குச் சின்னது யார்கிட்டயாவது இருக்கா?" என்றார் டாரில்.

கிறிஸ்டின் நாற்பத்தொன்றை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"ஏன்டி மலர் அவசரப்பட்ட?" செல்வராணிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் அவசரப்படல க்கா." மலர் கிறிஸ்டினைப் பார்த்தாள். "அக்காவுக்குத் தெரியும்."

அவளே சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். அக்காவே சொல்வார் என்று அவள் இருந்தாள்.

டாரில் திரும்பினார். "லீடர், ஏதாச்சும் சொல்லணுமா? கேம் முடிஞ்சிருச்சு, இப்போ பேசலாம்."

கிறிஸ்டின் கார்டுகள் பக்கம் கையை நீட்டினார்.

"பேசலாம் க்கா," என்றார் டாரில் மறுபடியும்.

விதிகளை மதிப்பதில் கிறிஸ்டினுக்கு நிகர் அந்தத் தொழிற்சாலையில் யாரும் இல்லை. பேசக்கூடாது என்று ஒருமுறை சொல்லியாகிவிட்டது, அவர் பேசவில்லை. சிதறிக் கிடந்த கார்டுகளை ஒன்றுசேர்த்து, விளிம்பு பிசகாமல் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மலர் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் கதவருகே போன பிறகுதான் அக்காவுக்குக் குரல் திரும்பியது.

"சாப்டுட்டுப் போம்மா."

மலர் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, தொழிற்சாலை பஸ் வருவதற்கு முன்பே கிறிஸ்டின் நிறுத்தத்தில் நின்றிருந்தார். சட்டையில் பேட்ஜ் நேராகக் குத்தியிருந்தது.