செவிப்பறை போட்ட விடுப்பு

சென்னைக்கு இறங்கத் தொடங்கியபோது என் இடது காதுக்குள் யாரோ திருப்புளியைத் திருகினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். காது அடைப்பு விடவில்லை. பிறகு 'பட்' என்றது. வலி குறைந்தது. உலகத்தின் சத்தமும் பாதியானது.

"நிவேதா, கன்ட்ரோலும் ரேடியோவும் நீயே வெச்சுக்கோ" என்றேன் துணை விமானியிடம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பத்திரமாக இறக்கிவிட்டாள்.

மறுநாள் மயிலாப்பூரில் காது மருத்துவர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: பாரோட்ராமா (காற்றழுத்த மாற்றத்தால் காதில் உண்டாகும் காயம்). செவிப்பறையில் கடுகளவு ஓட்டை.

"சளியோட ஏன் சார் பறந்தீங்க?"

"மூக்குல ஸ்ப்ரே அடிச்சிருந்தேன் டாக்டர். வீட்டுல ஊதிப் பார்த்தப்ப காது திறந்துது."

"ஏறும்போது ஸ்ப்ரே வேலை செஞ்சிருக்கும். இறங்கறதுக்குள்ள அதோட டியூட்டி முடிஞ்சுபோச்சு. ஓட்டை தானா மூடலாம். மூடலேன்னா ஆபரேஷன். சரியா கேட்கிற வரைக்கும் நீங்க பயணிதான்."

பதினெட்டு வருடங்களில் நான் 'சிக்', அதாவது உடம்பு சரியில்லை, இன்று பறக்க மாட்டேன் என்று சொன்னதே இல்லை. முடியாவிட்டால் பறக்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் யார் எந்த விமானம் ஓட்டுவது என்று பட்டியல் போடும் ரோஸ்டர் அலுவலகத்தில் போனை எடுப்பவர் ஒரு பெருமூச்சு விடுவார். நமக்குப் பதிலாக இழுத்துவரப்படும் சக விமானியின் முகம் அதில் தெரியும். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து, நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு மேலே போன வீரன் நான்.

மூன்றாவது வாரம் நிவேதா அடையாறு வீட்டுக்கு வந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"சார், அன்னிக்கு எனக்கும் காது அடைச்சுக்கிட்டுதான் இருந்துது. சிக் சொல்லிடலாம்னுதான் வந்தேன். சளி ஒழுகுற உங்க மூக்கைப் பார்த்தேன். கேப்டனே வந்துட்டாரு, நாம எப்படிச் சொல்றதுன்னு..."

"பிரமாதம்" என்றாள் என் மனைவி. "நாலு காதையும் பணயம் வெச்சு ப்ளேன் ஓட்டிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காது என் பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஏழாவது வாரம் ஓட்டை மூடியது. கேட்புச் சோதனையில் தேறினேன். இப்போது காலையில் எழுந்ததும், ஸ்ப்ரே எதுவும் அடிக்காமல், எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன். இரண்டு காதிலும் சின்னதாக ஒரு 'டிக்' வந்தால்தான் சீருடை. மூக்கடைப்போடு பெட்டி கட்டும் சக விமானிகளே, இதற்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை.

போன வியாழன் இடது பக்கம் 'டிக்' வரவில்லை. ரோஸ்டருக்கு 'சிக்' சொன்னேன். பிறகு, அன்று என்னோடு வரவேண்டிய நிவேதாவுக்கும்.

"சிக்கா? நீங்களா சார்?"

"நானேதான். உனக்கு எப்படி இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். இல்லேன்னா சொல்லிடுவேன்."

அன்று பகல் முழுக்க வீட்டில், கடல் மட்டத்தில் படுத்திருந்தேன். எந்த மணிக்கும் எங்கேயும் இறங்க வேண்டியிருக்கவில்லை.