ராணி வேஷக்காரியின் ஊதாக் கையெழுத்து

தெருவில் அவரை பைண்டர் என்றால்தான் தெரியும். கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுவது பிழைப்பு. நூறு வருடத்துக்கு முன் மேடையேறிய நடிகர் நடிகைகளின் படம், கையெழுத்து, நாடக நோட்டீஸ் சேர்ப்பதில்தான் உயிர். முப்பது வருடத்தில் ஒன்பது ஆல்பம் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் முதுகு முழுக்கப் பசை தடவி, பாரம் வைத்து, ஒரு மூலைகூடத் தூக்காமல் ஒட்டியிருப்பார்.

அவர் மனைவியின் அண்ணன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவருக்கு இந்தப் பித்து பிடித்து இரண்டே வருடம். படங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சும்மா போட்டு வைத்திருந்தார். அந்த டப்பாவைப் பார்த்து பைண்டர் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் டப்பாவோடு வந்தார்.

"மாப்பிள்ளை, ராணி வேஷம் கட்டின இந்தம்மா படம் உங்ககிட்டயும் இருக்குல்ல?"

"மூணாவது ஆல்பத்துல இருக்கு. உங்களுது மூலை மடங்கியிருக்கே மச்சான்."

"மூலையை விடுங்க." மச்சான் படத்தைத் திருப்பினார். பின்னட்டையில் ஊதா மையில் ஒரு கையெழுத்து. "வழவழப்புல மை நிக்காதுன்னு பின்னாடிதான் போடுவாங்களாம். உங்களுதுல என்ன இருக்கு?"

பைண்டர் தன் படத்தை வாங்கியபோதே அதன் முதுகில் யாரோ ஒட்டிய பழைய தாள் இருந்தது. அவர் அதன் மேலேயே பசை தடவிவிட்டார்.

"சாயங்காலம் சொல்றேன்."

மச்சான் தெருமுனை தாண்டுவதற்குள் பைண்டர் அடுப்படிக்குப் போய் வெந்நீர் கேட்டார்.

"அடுப்பு எதுக்கு?" என்றாள் மனைவி. "உங்க வயித்து மேல வச்சாலே கொதிச்சிடுமே."

ஊரார் புத்தகமாக இருந்தால் ஈரத்தாள் போர்த்தி இரண்டு நாள் பொறுத்திருப்பார். இரண்டு வருடத்துக்காரன் கையில் கையெழுத்து இருக்கும்போது அவருக்கு இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. ஆல்பப் பக்கத்தை அறுத்து, தட்டில் வைத்து, வெந்நீரை ஊற்றினார். பசை இளகி, படம் பழைய தாளைவிட்டுக் கழன்றது. பின்னட்டையில் ஊதாக் கறை மட்டும் இருந்தது. எழுத்தெல்லாம் தாளில் இடவலம் மாறி இறங்கியிருந்தது. மனைவி கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தாள். கையெழுத்து, அதற்கு மேல் ஒரு முழு வரி: 'கடைசி மேடையன்று, கைதட்டிய கைகளுக்கு.' மச்சானுடையதில் அந்த வரி கிடையாது. இன்னும் கிட்டத்தில் பார்க்கத் தாளைத் தூக்கினார். அது கஞ்சி போல் கையோடு வந்தது.

சாயங்காலம் மச்சான் வந்தார்.

"என்ன இருந்துச்சு மாப்பிள்ளை?"

பைண்டர் ஊதா விரல்களைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். இருந்தது என்றால் காட்டச் சொல்வார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

"அப்ப என்னுது ஒண்ணுதானா?" மச்சானுக்கு முகமெல்லாம் பல். படத்தை நீட்டினார். "இதை ஆல்பத்துல ஒட்டிக் குடுங்க. உங்களை மாதிரி யாருக்கு ஒட்ட வரும்?"

பசைச் சட்டி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பைண்டர் படத்தை வாங்கித் திருப்பினார். அந்த ஊதா எழுத்தை வெகுநேரம் பார்த்தார். முதுகு முழுக்கப் பசை தடவினால் இதுவும் போய்விடும்; மச்சானே கொடுத்த வேலை, கேள்வி கேட்க ஆளில்லை.

"வேணாம்," என்றார் கடைசியில், எரிச்சலோடு. "டப்பாவிலேயே கிடக்கட்டும்."