வராத கதிர்

விழுப்புரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது நானும் அவளும் ஒரே பெஞ்ச் தோழிகள். நான் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருவேன். அவள் அனந்தபுரத்துப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் அம்மா நிலக்கடலைக் காடுகளில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகிறவர்.

குவாண்டம் இயக்கவியல் பாடத்தில்தான் எங்களுக்குச் சண்டை வரும். எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று சமன்பாடு சொல்லாது; எங்கெங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்லும். அளந்து பார்த்தால் ஒரே இடத்தில் இருக்கும். அந்த ஓர் இடத்தை எது தீர்மானிக்கிறது என்பதற்குப் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. கணக்கு சரியாக வருகிறது, போதும் என்பேன் நான். போதாது, ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்பாள் அவள்.

ஒருநாள் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருக்கும்போது, விட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, சும்மா பேசிக்கொண்டே இருப்பதா என்று கேட்டேன்.

"யாரும் அளக்காமலே அது தானா ஒரு எடத்துல வந்து குந்திக்குதுன்னு வெச்சிக்கோ. அப்ப லேசா ஒரு உலுக்கல் இருக்கும். உலுக்குனா எக்ஸ்ரே வரும். அத புடிக்கணும்டி," என்றாள்.

அவள் நூலகத்தில் படித்துவிட்டு வந்த யோசனை அது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் என் ரயில் போய்விட்டது.

படிப்பு முடிந்ததும் ஆராய்ச்சிக்கான நேர்காணலுக்கு இருவருக்கும் கடிதம் வந்தது. அந்த வாரம்தான் எனக்கு நிச்சயதார்த்தம். அடுத்த வருஷம் போகலாமே என்றார்கள் வீட்டில். நானும் சரி என்றேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அவள் போனாள். பிறகு வெளிநாட்டில், ஒரு மலைக்கு அடியில் குடைந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். ஒரு ஜெர்மானியம் படிகம், வெளியிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கச் சுற்றிலும் ஈயம், அந்த எக்ஸ்ரேவுக்கான காத்திருப்பு. நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பேசுவோம். முடிவுகளைவிடச் சின்னச் சின்ன விஷயங்களையே நான் அதிகம் கேட்பேன். உள்ளே குளிருமா, என்ன சத்தம் கேட்கும், பாறையில் தண்ணீர் கசியுமா?

ஒரு ஞாயிறு அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் வரலடி. பாறையிலர்ந்து வர்றது, ஈயத்துலர்ந்து வர்றது எல்லாத்தையும் கழிச்சிட்டோம். மிச்சம் எதுவுமே இல்ல."

அப்படியென்றால் கோட்பாடு முழுமையானதுதானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, மாற்று யோசனைகளில் மிக எளிமையான ஒன்றுதான் அடிபட்டுப் போனது, உலுக்கல் இன்னும் மெலிதாக இருக்கும் என்கிற மற்றவை அப்படியே நிற்கின்றன என்றாள். பழைய வாதத்தில் நான் ஒரு படி ஜெயித்திருந்தேன். சந்தோஷமே வரவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றபோதுதான் புரிந்தது, இத்தனை வருஷமும் அந்தக் கதிருக்காக நானும் காத்திருந்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்பதைக்கூட என் கையால் அளந்து பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அழுதேன்.

அடுத்த வாரம் நானே கேட்டேன். "எனக்கும் எதுனா வேல குடேன்."

 அவள் தன் குழுவில் அனுமதி வாங்கி, ஈயத்திலிருந்து வரும் கதிர்களின் அளவீடுகளை அனுப்பினாள். அதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் தடவை தப்பு. கதிர்களின் வரைபடத்தில் ஒரு உச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். திரும்பப் போடு என்றாள், தயவு தாட்சண்யம் இல்லாமல். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. அடுத்த சோதனைக்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

கோடை விடுமுறைக்கு வா, உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்கிறாள். கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை.