அக்காவுக்கு மட்டும் அடித்த வெயில்

எங்கள் வீட்டில் வெயில் அக்காவுக்கு மட்டும்தான் அடிக்கும். அவள் நல்ல சிவப்பு. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா பிடித்திருக்கும் குடை அவள் பக்கமே சாயும். சன்ஸ்கிரீனையும் அவள் கையில்தான் பிதுக்குவாள். நானும் கையை நீட்டினால், "உனக்கு எதுக்குடி? இதுக்கு மேல என்ன கருக்கப் போற?" என்பாள்.

அதை நம்பித் தொலைத்தேன். விளையாட்டு டீச்சராகி, பன்னிரண்டு வருஷம் பள்ளி மைதானத்தில் வெறும் முகத்தோடு நின்றேன். இந்தக் கோடையில் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது.

தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் போனபோது அம்மாவும் வந்திருந்தாள். "கருப்பா இருந்தா வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு யாரும்மா சொன்னது? தினமும் சன்ஸ்கிரீன் போட்டிருக்கணும்" என்று டாக்டர் என்னைத் திட்டினார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே மருந்துக் கடையில் எனக்கென்று முதல்முறையாக ஒரு டியூப் கேட்டேன். அம்மா என் முழங்கையைத் தொட்டாள்.

"கையோட அக்காவுக்கும் ஒண்ணு வாங்கிடுடி. பாவம், அவளுக்குத்தான் வெயிலே ஒத்துக்காது."